சரஸ்வதியக்காவின் போர்டிகோவில் ஒழுகிய எண்ணெய்

1. வாய்ஸ் நோட்டு

முதலாளி அந்த வாய்ஸ் நோட்டை ஸ்பீக்கரில் போட்டார். ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லோரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டோம்.

"ஏனுங்கண்ணா, எங்கூட்டு போர்டிகோவுக்குப் புதுசா கிரானைட்டு போட்டு ஒரு மாசம் ஆகலீங்க. உங்க ஒர்க்‌ஷாப்புல இருந்து வண்டி ஊட்டுக்கு வந்தா, மறுநா காலைல கருப்பா தட்டு அகலத்துக்கு எண்ணெய் நிக்குதுங்க. ஃபில்டர் மாத்தியாச்சுங்கறீங்க, மறுபடியும் ஊத்துது. மறுபடியும் மாத்தியாச்சுங்கறீங்க, மறுபடியும் ஊத்துது. இனி நான் வண்டிய உடறதுக்கு வரமாட்டனுங்க. உங்க ஃபோர்மேனத் தூக்கிட்டு வந்து தரையத் தேய்க்க உடறதுக்குத்தான் வருவேன்."

அந்த ஃபோர்மேன் நான்தான். பெயர் மூர்த்தி. நாமக்கல் பரமத்தி ரோட்டில் எங்கள் கார் ஒர்க்‌ஷாப். வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லும் வயது வந்துவிட்டது. முதலாளி விடுவதாக இல்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். டீசல் வண்டியில் ஆயில் ஃபில்டர் லீக்கைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நினைத்துக்கொண்டு படியுங்கள். பாதி அதுதான்.

பேசியவர் சரஸ்வதியக்கா. மோகனூர் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். டீசல் காரைத் தானேதான் ஓட்டுவார். முட்டைக்கு விலை பேசும் அதே குரலில்தான் எல்லோரிடமும் பேசுவார். சொன்னதைச் செய்யக்கூடியவர் என்பதால் நான் அன்று முழுக்கக் கேட் பக்கம் ஒரு கண் வைத்திருந்தேன்.

வாய்ஸ் நோட்டு முடிந்ததும் முதலாளி மேசையைத் தட்டினார். "டூப்ளிகேட்டு! நான் அன்னிக்கே சொன்னேன். அந்தப் பாய் குடுத்த ஃபில்டர் டூப்ளிகேட்டு!"

2. முதலாளியின் பழக்கம்

முதலாளி பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர். இள வயதில் போர் ரிக் வைத்து, ஊர் ஊராகப் போய்க் குழாய்க்கிணறு தோண்டியவர். ரிக்கை விற்று ஒர்க்‌ஷாப் போட்டார். ரிக்கில் இருந்த பழக்கத்தை மட்டும் விற்கவில்லை. எந்தப் புதுச் சாமானும் அவர் கையால் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் வண்டியில் ஏறக்கூடாது. பிரேக் ஷூவோ பேட்டரியோ, எதுவானாலும் அதற்கு ஒரு நெற்றி உண்டு என்பது அவர் கணக்கு. நெற்றி எது என்பதையும் அவரேதான் முடிவு செய்வார். ஒரு முறை ஒரு வைப்பர் பிளேடுக்கு நெற்றி தேடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பொட்டு வைத்த பிறகு சாமானை அவரே எடுத்துத் தருவார். நான் பிட்டுக்குள், அதாவது வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழிக்குள் இருப்பேன். அவர் ஓரத்தில் குந்திக்கொண்டு, "முருகா" என்று நீட்டுவார். நான் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்வேன்.

பாய் என்று அவர் சொன்னது ஜாஃபர் பாயை. சேலத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. செவ்வாய்க்கிழமைதோறும் நாமக்கல் லைனுக்கு வந்து ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கி ஆர்டர் எடுத்துப் போவார். கம்பெனி ஃபில்டர் கேட்டால் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் வரத் தொடங்கிய சமயம், வெளி மார்க்கெட் ஃபில்டர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நான் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தேன், ரிங்கை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நல்ல சாமான். வாங்கச் சொன்னதே நான்தான்.

அப்போது முதலாளி பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தார். அவர் இல்லாத நாட்களில் நாங்கள் மாட்டிய பாய் ஃபில்டர்களில் ஒன்றுகூட ஒழுகவில்லை. அவர் திரும்பி வந்தார். ஒழுக ஆரம்பித்தது.

3. தேடிய இடங்கள்

ஃபில்டர் என்பது ஒரு தகர டப்பா. வாய் மேலே பார்த்திருக்கும், வாயைச் சுற்றி ஒரு ரப்பர் ரிங். அந்த ரிங் எஞ்சினில் உள்ள வழவழப்பான வட்டத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் எண்ணெய் உள்ளேயே இருக்கும். உட்காரவில்லை என்றால் சரஸ்வதியக்காவின் போர்டிகோவுக்குப் போகும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது பழைய ரிங்கை. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது சில சமயம் அதன் ரிங் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். தெரியாமல் புதியதை மாட்டினால் ரிங்கின் மேல் ரிங். விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. அடுத்தது இறுக்கம். ரிங் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று, அவ்வளவுதான். வீரத்தைக் காட்டி ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ரிங் பிதுங்கிவிடும். என் வீரம் எல்லாம் வீட்டிலேயே செலவாகிவிடுவதால் அந்தத் தப்பை நான் செய்வதில்லை. பழைய எண்ணெயை வடிக்கும் டிரெயின் பிளக்கின் வாஷரையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

கடைசியாக எஞ்சினின் அடிப்பாகத்தைக் கழுவிக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். எங்கிருந்து ஒழுகுகிறதோ அங்கிருந்து வெள்ளையில் கருப்புக் கோடு இறங்கும்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்றா மூர்த்தி, வண்டியப் பொண்ணு பாக்க வாராங்களா?"

கோடு ஃபில்டர் ரிங்கில் இருந்துதான் கிளம்பியது. எஞ்சின் மேல் குற்றமில்லை, என் கை மேலும் குற்றமில்லை. மீதி இருந்தது பாய் மட்டும்தான்.

"கம்பெனி ஃபில்டர் ஒழுகுதா? ஒழுகறதில்ல. பாய் ஃபில்டர் ஒழுகுதா? ஒழுகுது. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" என்றார் முதலாளி.

"நீங்க பழனிக்குப் போயிருந்தப்ப மாட்டுனது ஒழுகலீங்களே?"

"மொத லாட்டு நல்லதாக் குடுத்து ஆளப் புடிச்சிருக்காரு. அதான் யாவாரம்."

அன்று மாலையே முதலாளி ஒரு காரியம் செய்தார். இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்கள் அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸப் க்ரூப்பில், 'ஜாஃபர் பாய் ஃபில்டர் டூப்ளிகேட், யாரும் வாங்க வேண்டாம்' என்று போட்டுவிட்டார். சரஸ்வதியக்கா அனுப்பியிருந்த போர்டிகோ படத்தையும் சாட்சிக்குச் சேர்த்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாய் வந்தபோது ஆர்டர் எடுக்கும் வேலையே இல்லை. ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிப் பெட்டிகளை வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஃபில்டர் மட்டுமல்ல, அவர் கொடுத்த பெல்ட், பேரிங் எல்லாம். எங்களிடம் கடைசியாக வந்தார்.

"அண்ணா, ஒரே ஒரு தடவ. என் ஃபில்டர, உங்க முன்னால, என் முன்னால மாட்டுங்க. ஒழுகினா நான் இந்த ஊர்ப் பக்கமே வர மாட்டேன்" என்றார்.

முதலாளி யோசித்தார். "சரி. வெள்ளிக்கெழம. சரஸ்வதிப் புள்ள வண்டியிலயே."

நாமக்கல் லைன் போனால் பாய் கடையை மூட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

4. பாய் சொன்னது

கேட்டைத் தாண்டியதும் பாய் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பக்கத்து டீக்கடைக்குப் போனேன். பேப்பரில் சுற்றிய ஒரு ஃபில்டரைப் பையில் இருந்து எடுத்தார்.

"மூர்த்திண்ணா, ஒழுகுதுன்னு நீங்க அப்பப்பத் திருப்பி அனுப்பினத எல்லாம் டீசல்ல கழுவிப் பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் ரிங்குல ஒரு எடம் மட்டும் இப்படி இருக்கு."

பார்த்தேன். கருப்பு ரப்பரில் மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. பக்கத்துத் தகரத்தில் சிவப்புச் சாயம். விரலால் தேய்த்தால் நறநறத்தது.

"சந்தனமுங்க, குங்குமமுங்க" என்றேன். சொல்லும்போதே எங்கே தப்பு நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கம்பெனி ஃபில்டரின் வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு வரும். முதலாளி பொட்டு வைப்பது அந்த மூடியின் மேல். நான் பிட்டுக்குள் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டுவேன். பாய் ஃபில்டர் அட்டைப் பெட்டியில் மூடி இல்லாமல் வரும். நான் ரிங்குக்கு எண்ணெய் தடவி மேசையில் வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்குவேன். அதன் பிறகுதான் முதலாளி வருவார். மேலே பார்த்திருக்கும் பக்கம்தானே நெற்றி? நேராக ரிங்கின் மேலேயே ஒரு கட்டி சந்தனம். பிட்டுக்குள் ஃபில்டர் என் தலைக்கு மேலே இருக்கும். அதன் வாய் என் கண்ணுக்குத் தெரியாது. மூடியில் பொட்டைப் பார்த்துப் பழகிய நான், மூடி இல்லாதபோது அது எங்கே போகும் என்று யோசித்ததே இல்லை.

"ஆனா ஒண்ணுண்ணா, இது சந்தனமும் இல்ல" என்றார் பாய். "எங்க தர்காவுல சந்தனக்கூட்டுக்கு நானே உக்காந்து அரைச்சிருக்கேன். நல்ல சந்தனம் வெண்ணெயாட்டம் இருக்கும். இது மரத்தூள்ல சென்ட்டு போட்டது."

ஊரெல்லாம் டூப்ளிகேட் டூப்ளிகேட் என்று முதலாளி கத்திக்கொண்டிருந்தாரே, கடைசியில் டூப்ளிகேட்டாக இருந்தது அவருடைய சந்தனம். வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டேன். பாய் சிரிக்கவில்லை.

"நீங்க சிரிக்கலாம்ணா. நான் போயி அவருகிட்ட, உங்க சாமிக்கு வெக்கற சந்தனத்தாலதான் லீக்குன்னு சொன்னா, பேச்சு ஃபில்டரோட நிக்குமா?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவரு நல்ல மனுஷந்தான். ஆனா நான் சொன்னா அது வேற பேச்சாப் போயிரும். லைன் போனாலும் போகட்டும், அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம்ணா."

எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. தன் பிழைப்பையே காப்பாற்றக்கூடிய சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

நான் முதலாளியிடம் லேசாக ஆரம்பித்துப் பார்த்தேன். "அண்ணா, இந்த ஃபில்டருக்கு மட்டும் பொட்டு வேண்டாமே, எண்ணெய்ப் பிசுக்கு..."

"ரிக்குல ஒரே ஒரு நாள் பொட்டு வெக்காம பாறையக் கொடையற ஹேமர எறக்குனோம். குழிக்குள்ளயே மாட்டிக்கிச்சு. இன்னிக்கு வரைக்கும் அங்கதான் இருக்குது. போறியா, போயி எடுத்துட்டு வாரியா?"

பேச்சு அதோடு முடிந்தது. நேர் வழி அடைபட்டால் நான் என்ன செய்வேன் என்று என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இரும்புக் கழிவு போடும் டிரம்மைக் கிளறி, கம்பெனி ஃபில்டரின் பழைய மூடி ஒன்றைத் தேடி எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். பாய் ஃபில்டரின் வாயில் வைத்து அழுத்தினேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது.

5. முட்டை அட்டை

வெள்ளிக்கிழமை சரஸ்வதியக்கா வந்தபோது, காரின் பின் சீட்டில் முட்டை அடுக்கும் அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. "வண்டிக்கு அடியில பரப்பி வெக்கறதுக்குங்க. ஒரு சொட்டு உழுந்தாலும் இதுல தெரிஞ்சு போயிருமில்லீங்க" என்றார். பாய் கேட்டருகே நின்றார்; உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை.

பழைய ஃபில்டரைக் கழற்றினேன். ரிங் உட்காரும் வட்டத்தைப் பளபளவென்று துடைத்தேன். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மேசையில் இருந்ததைப் பார்த்து நின்றார்.

"அட, இதுக்கும் மூடி வந்துருக்குது?"

"வந்துருக்குதுங்க" என்றேன், பிட்டுக்குள் இருந்தபடி. குரல் நன்றாகவே வந்தது. பாய் குழப்பமாக என் பக்கம் பார்த்தார். நான் வண்டியின் சைலன்சரை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

பொட்டு வைத்து, "முருகா" சொல்லி நீட்டினார். மூடியைக் கழற்றிப் பிட்டு ஓரத்தில் போட்டுவிட்டு, ரிங்குக்கு எண்ணெய் தடவி மாட்டினேன். அக்காவும் முதலாளியும் மோகனூர் வரை வண்டியை ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். முட்டை அட்டைகளைப் பரப்பி அதன் மேல் நிறுத்தினோம். எல்லோரும் குந்திக்கொண்டு அடியில் பார்த்தபடி இருந்தோம். முட்டைக்காகக் காத்திருக்கிற மாதிரிதான் இருந்தது. டீ வந்தது, குடித்தோம். அட்டையில் ஒன்றும் விழவில்லை.

முதலாளி எழுந்து துண்டை உதறினார். பாயைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா பாய், மெரட்டுனா ஒரிஜினல் தானா வருது! மூடியோட வருது! க்ரூப்புல போட்டர்றேன், இனி பாய் திருந்திட்டாருன்னு."

பாயின் முகம் சுருங்கிப் போனது. எனக்கோ என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. லைனைக் காப்பாற்றிக் கொடுத்தேன், ஆளைத் திருடனாக்கிவிட்டேன். பிடிபட்டுத் திருந்திய திருடன். என்ன சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, பிட்டுப் பக்கம் போன சரஸ்வதியக்காவின் குரல் கேட்டது.

"ஏனுங்கண்ணா, சாமிக்கு வெக்கற பொட்டக் கொண்டுபோயி இப்பிடிக் கால் மிதிக்கற எடத்துலயா போடுவீங்க?"

கையில் அந்த மூடி. நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

முதலாளி அதைப் பிடுங்கினார். "இது என்ன மூர்த்தி?"

"ஃபில்டர் மூடிங்க."

"பொட்டு இதுலயே இருக்குது?"

"மூடியோட மாட்டுனா எண்ணெய் போவாதுங்கண்ணா. கழட்டித்தான் ஆகோணும்."

"எல்லா ஃபில்டருக்குமா?"

"எல்லா ஃபில்டருக்குமுங்க."

"அப்ப நான் இத்தன வருசமா வெச்ச பொட்டு?"

நான் டிரம்மைக் காட்டினேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. முதலாளி டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கோபத்தில் ஆரம்பித்த முகம் மெல்ல மெல்ல யோசனைக்கு மாறியது. ரிக் ஓட்டியவர், எது எங்கே மாட்டிக்கொண்டது என்று யோசிப்பது அவருக்குப் பழக்கம்தான்.

"இதுக்கு முந்தி வந்த பாயோட ஃபில்டருக்கு மூடி கெடையாதே. அதுக்கு வெச்ச பொட்டு எங்க போச்சு?"

பாய் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். நான் டூல் பெட்டியில் இருந்து பேப்பர் பொட்டலத்தை எடுத்து முதலாளி கையில் வைத்தேன்.

பிரித்துப் பார்த்தார். ரிங்கில் காய்ந்திருந்த சந்தனத்தை விரலால் தேய்த்தார். பிறகு தன் கிண்ணத்துச் சந்தனத்தை எடுத்துத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை, கண்ணைத் திறந்துகொண்டு ஒரு முறை.

"மரத்தூளு" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவரே சொன்னார்.

"அப்ப எங்கூட்டு போர்டிகோவுல ஊத்துனது உங்க சந்தனமுங்களா?" என்றார் அக்கா.

"ஆமா சாமி. நாந்தான்."

6. அதே க்ரூப்பில்

கொஞ்ச நேரம் கழித்து முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த மூடி வேல உன்னுதுதான?"

"ஆமாங்கண்ணா."

"எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

அதன் பிறகு பாயிடம் போனார். கேட்டருகே இருவரும் நின்றார்கள். முதலாளி மொபைலை எடுப்பதைப் பார்த்ததும் பாய் பதறிப்போனார்.

"க்ரூப்புல எல்லாம் வேண்டாங்கண்ணா. சந்தனம் அது இதுன்னு போட்டா நாலு பேரு உங்களக் கிண்டல் பண்ணுவாங்க. எங்கிட்டச் சொன்னீங்கல்ல, அது போதும்."

"உங்களத் திட்டுனது உங்ககிட்டயா பாய்? க்ரூப்புலதான திட்டுனேன்?"

வாய்ஸ் நோட்டு பட்டனை அழுத்திப் பிடித்தார். அவர் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நான் அர்த்தநாரி பேசறனுங்க. ஜாஃபர் பாய் ஃபில்டர் டூப்ளிகேட்டுன்னு போட்டிருந்தேன். தப்புங்க. ஃபில்டர் சுத்தமானது. ரிங்கு மேல நாந்தான் சந்தனம் வெச்சுக் குடுத்திருக்கறேன், அதுதான் ஒழுகிருக்குது. சந்தனமும் மரத்தூளுங்க. சிரிக்கறவங்க சிரிச்சுக்குங்க. சிரிச்சுட்டு, பாய்கிட்டத் திருப்பிக் குடுத்த சாமான மறுபடியும் வாங்கிக்குங்க."

க்ரூப்பில் சிரித்தார்கள். சாயங்காலம் வரைக்கும் சிரித்தார்கள். ஒரு ஒர்க்‌ஷாப்காரர், முதலாளிக்கு வெண்சந்தனப் பொடி எங்கே நயமாகக் கிடைக்கும் என்று விலாசமே அனுப்பினார். முதலாளி எல்லாவற்றையும் படித்தார், எதற்கும் பதில் போடவில்லை. பாய் மட்டும் கேட்டருகே நின்று அந்த வாய்ஸ் நோட்டைத் தன் மொபைலில் இரண்டாம் முறை போட்டுக் கேட்டார். பிறகு கர்சீஃப்பை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். "செவ்வாக்கெழம வரேங்கண்ணா" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

புதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஃபில்டர் ஒழுகினால் பழைய ரிங்கைப் பார், இறுக்கத்தைப் பார், ரிங் உட்காரும் இடத்தைத் துடைத்துப் பார். அதற்கும் நிற்கவில்லை என்றால், சாமானைக் குறை சொல்வதற்கு முன் பெட்டியில் இருந்து எஞ்சின் வரை அதை யார் யார் தொட்டார்கள் என்று பார். முதலாளி கையையும் சேர்த்துப் பார். பொட்டு வைப்பதில் ஒரு தவறும் இல்லை. இப்போது எங்கள் முதலாளி டப்பாவின் அடியில் வைக்கிறார், ரிங் பிழைத்தது.

இதெல்லாம் தொழில் பாடம். நாலு பேர் முன்னால் ஒருவனைத் திட்டிவிட்டால், அதே நாலு பேர் முன்னால்தான் மாற்றிச் சொல்ல வேண்டும் என்பதை அன்று முதலாளியிடம் கற்றேன். அவரிடம் இத்தனை வருடம் வேலை பார்த்ததில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். ஆனால் அது போதும்.